தெரியும், சொல்லமாட்டேன்

பெம்பாத் தீவின் வேத்தே ஊரில் கிராம்புத் தோட்டமும் நல்ல பெயரும் ஒருசேர உடையவரும், என் மனைவியின் மூத்த சகோதரருமான மரியாதைக்குரிய ஹமாத் மச்சான் அவர்களுக்கு, மலிந்தியிலிருந்து ஷாமே கோம்போ மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் நலம். மகள் சல்ஹா நலம். உங்கள் தங்கை ஸுவேனா நலமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனாலும் தெரியாது. அதை அறிந்து சொல்லும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், கிராம்பு நன்றாகக் காய்ந்திருக்கும் என்றும், மழை தோட்டத்துக்கு மட்டும் பெய்து களத்துக்குப் பெய்யாமல் இருந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

போனில் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மச்சான், உங்கள் வீட்டில் போனை எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டு அடுப்பங்கரையில் வைத்துவிடுகிறார்கள். போன தடவை என் மூலநோயைப் பற்றி உங்களிடம் மிக அந்தரங்கமாகச் சொல்லி, துஆ செய்யுங்கள் என்று கேட்டேன். உங்கள் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து ஆமீன் சொன்னார்கள். ஆகவே எழுதுகிறேன். கப்பலில் வேலை பார்க்கும் தெரிந்த ஆள் ஒருவரிடம் கொடுத்து, உங்கள் கையில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவதாக இருக்கிறேன்.

துறைமுகத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து என் ஆயுளில் பெரும்பாகத்தைக் கழித்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பெம்பா போகும் கப்பல் புறப்படப் போகிறது, கையில் கோழி வைத்திருப்பவர்கள் கீழ்த்தளத்துக்குப் போகவும் என்று நான் சொன்னால், கோழி வைத்திருந்தவன் கீழ்த்தளத்துக்குப் போனான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு ஒரு விஷயத்தைத் தெரிவிப்பதில் என்ன கஷ்டம் இருக்கிறது? தெளிவாகச் சொல்ல வேண்டும், இரண்டு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று நம்பியே வாழ்ந்தேன். பிறகு என்னை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, என் நாற்காலியில் ஒரு பெட்டியை வைத்தார்கள். பெட்டிக்குள் ஒரு பெண்ணின் குரல். தாருஸ்ஸலாமில் ஏதோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பேசியவளாம். கடலைப் பார்த்திருப்பாளோ என்னவோ. கப்பல் நடுக்கடலில் தத்தளித்துக்கொண்டிருக்கும்போது, கப்பல் இதோ கரையில் நிற்கிறது, ஏறுங்கள் என்று தேன் ஒழுகச் சொல்கிறாள். அந்தப் பெட்டியைத் திருகாணி போட்டு மாட்டியவன் வேறு யாருமில்லை, என் அடுத்த வீட்டு ரயாவின் மகன் சுலைம். சின்ன வயதில் என் தோளில் ஏறி விளையாடியவன். அன்று மாலை வீட்டு நடுக்கூடத்தில் நின்று, அந்தப் பையனின் பெயர் இனி இந்த வீட்டில் என் காதில் விழக்கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அன்றிலிருந்து விழவில்லை. என் கட்டளை நிறைவேறியது என்று நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன்.

இப்போது பெருநாள் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் ஸுவேனாதான் என்னிடம் காசு வாங்கிக்கொண்டு போய்த் தனக்குக் கங்காத் துணி எடுத்துக்கொள்வாள். ஒரு சோடித் துணி எடுக்க நோன்பில் பாதி போய்விடும். விரிப்பாள், மடிப்பாள், அதன் விளிம்பில் அச்சடித்திருக்கும் வாசகத்தை வாய்க்குள் முணுமுணுப்பாள், வேண்டாமென்று தலையாட்டி வேறு துணி கேட்பாள். இந்த வருஷம் நான்தான் வேலையில்லாமல் இருக்கிறேனே, நானே வாங்கி வந்து அவளை அசத்திவிடலாம் என்று பெருநாளுக்கு முதல் நாள் காலை தராஜானிச் சந்தைக்குப் போனேன். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். முந்திரிப்பழம் போட்ட ஆரஞ்சு நிறத் துணி ஒன்று கண்ணைப் பறித்தது. கடைக்காரர் தாஹிர், "பெரியவரே, என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு எடுங்க. யாருக்கு எடுக்கறீங்க?" என்றார். "துணி உடுத்தத்தான் தம்பி, படிக்க இல்ல. நீ நிறத்தச் சொல்லு, சாயம் போகுமா போகாதா?" என்றேன். கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மரியாதையில் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கங்கா சோடியாகத்தான் வரும், நடுவில் வெட்டிக்கொள்ள வேண்டும், ஒன்று இடுப்புக்கு, ஒன்று தலைக்கு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நோன்பு முழுக்க ரயா எங்களுக்குக் கணவாய்க் கறியும் தேங்காய்ப்பால் மரவள்ளியும் அனுப்பிக்கொண்டே இருந்தாள். மகன் செய்ததற்குத் தாய் என்ன செய்வாள்? அவளுடைய பாத்திரம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது அழகில்லை. ஆகவே நானே கத்தரிக்கோலை எடுத்துச் சோடியை நேர் நடுவில் வெட்டி, ஒரு பாதியை ஸுவேனாவிடம் கொடுத்து, "இது உனக்கு, அது ரயாவுக்கு" என்று சொல்லிவிட்டு, மறுபாதியை அந்தப் பாத்திரத்தில் மடித்து வைத்து அடுத்த வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு பெண்களையும் ஒரே துணிச் செலவில் மகிழ்வித்த பெருமையோடு வந்து உட்கார்ந்தால், ஸுவேனா துணியைப் பிடித்தபடியே நிற்கிறாள். முகம் வெளிறிப் போயிருக்கிறது.

"எப்பலேருந்து தெரியும்?" என்றாள்.

எனக்குத் துணி வாங்கத் தெரியும் என்பது எப்போதிலிருந்து என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். "இன்னைக்குக் காலையிலதான்" என்றேன்.

"யார் சொன்னா?"

"கடைக்காரர் தாஹிர்தான் சொன்னார்."

"அல்லாஹ்வே! தாஹிருக்கே தெரியுமா?"

"அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அவர் தொழிலே அதுதானே. கடையில இருந்த பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். ஆனந்தத்தில் வாயடைத்துப் போயிற்று என்று நான் நோன்பு திறக்க இரண்டு பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று பொழுது சாயும் முன்னே ரயா வந்துவிட்டாள். ஸுவேனா உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் தனியாக இருந்தேன். வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சல்ஹா அப்பா, தெரிஞ்சும் இத்தன நாள் பொறுமையா இருந்தீங்களே, உங்களப்போல ஒரு மனுஷர் உண்டா?" என்றாள். என்ன சொல்கிறாள் என்றே விளங்கவில்லை. ஆனால் மச்சான், புகழ்ந்துகொண்டே ஒருவர் அழும்போது, எதற்கு என்று கேட்க எந்த ஆணுக்கு மனம் வரும்? "ம்" என்றேன். "பிள்ளைங்க மேல தப்பில்ல. மறைச்சதெல்லாம் நானும் ஸுவேனாவும்தான்" என்றாள். "ம்" என்றேன், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. "சுலைம் சல்ஹாவத் தவிர வேற பொண்ணு வேண்டாங்கறான். சல்ஹாவும் அப்படித்தான். உங்க கோபம் ஆறட்டும்னுதான் காத்திருந்தோம். வேத்தேயில இருக்கிற பெரிய மாமாவுக்குக் கூட எல்லாம் தெரியும்" என்றாள். மூன்றாவது "ம்" தொண்டையிலேயே நின்றுவிட்டது. பெரிய மாமா என்றால் நீங்கள்தான், மச்சான். இதைப் பற்றி நாம் நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்வோம்.

அவள் போனதும் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கொடியில் தொங்கிய அந்தத் துணியின் விளிம்பைப் படித்தேன். கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: தெரியும், சொல்லமாட்டேன்.

ஊரில் எதுவுமே தெரியாத ஒரே மனிதன், தெரியும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் திருட்டுத்தனம் செய்த இரண்டு பேருக்கு மட்டும், ஆளுக்குப் பாதியாக வெட்டி. அந்த முற்றத்தில் நின்றபடி நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவது? மகள் என்னிடம் சொல்லாமல் ஒரு வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கிறாள். என் வீட்டில், என் காதுக்கு எட்டாமல், எனக்கு முன்னால் வைத்த சோற்றுத் தட்டைச் சுற்றியே எல்லாம் நடந்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லாதே என்று நான் சொன்னேன். அவர்கள் பெயரை மட்டும்தான் சொல்லவில்லை.

உண்மையான யுத்தம் அதற்குப் பிறகுதான். ரயா என்னிடம் வந்து போனதை அறிந்த ஸுவேனா, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாள்: "அந்த மனுஷன் துணியப் படிச்சே இருக்கமாட்டாரு! சும்மா இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது. நீதான் போய் எல்லாத்தையும் கொட்டிட்டு வந்திருக்கே!" அந்தப் பக்கத்திலிருந்து, "உன் புருஷன் தெரியும்னு எழுதி அனுப்புனா நான் தெரியாதுன்னு வெச்சுக்கணுமா?" என்று பதில் வந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு இரண்டு பேரும் வாயால் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் துணியால்தான். பெருநாள் தொழுகை முடிந்து நான் தெருவில் வருகிறேன், ரயா பழைய நீலக் கங்கா ஒன்றைக் கட்டிக்கொண்டு என் மனைவியைக் கடந்து போகிறாள். வாசகம் எப்போதும் பின்பக்கம்தான் வரும், உங்களுக்குத் தெரியாததல்ல. சொன்னவள் போய்விடுவாள், சொன்னது நம் கண்ணெதிரே அசைந்து அசைந்து போகும். “உன்னை நம்பியது என் கண்ணின் குற்றம்” என்று எழுதியிருந்தது. உங்கள் தங்கை வீட்டுக்குள் போனாள், துணிப்பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது, சிவப்பும் கறுப்புமாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, தேவையே இல்லாமல் குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசல் வழியாக நடந்தாள். “நான் சிரித்தால் உனக்கேன் எரிகிறது.” சாயங்காலம் ரயா “என் வாசலில் உனக்கென்ன வேலை” கட்டினாள். மறுநாள் ஸுவேனா, “போ, போய்க்கொண்டே இரு.” கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதில்தான்: "பூ நல்லாயிருந்துச்சு, கட்டினேன்." பாதித் தெரு பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினார்கள். அரிசியில் கல்லே இல்லை.

எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, சோறு வந்தது, ஆனால் பேச்சு இல்லை. சல்ஹா அறைக்குள்ளேயே இருந்தாள். ஒருநாள் கதவருகே போய், "சாப்பிட்டியாம்மா?" என்றேன். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமேப்பா" என்றாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இது என் தொழில். ஒரு தெருவுக்கு ஒரு விஷயத்தை விளங்க வைக்க எனக்குத் தெரியாதா? அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வரும் நேரமாகப் பார்த்து, இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று, கையைக் குவித்து வாயருகே வைத்து, துறைமுகக் குரலில் சொன்னேன்: "கவனிக்கவும்! கவனிக்கவும்! ஆரஞ்சு நிறத் துணியில் எழுதியிருப்பதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு எதுவும் தெரியாது. எந்த வீட்டு விஷயமும் எனக்குத் தெரியாது." பிறகு பழக்கதோஷத்தில் முழுவதையும் இரண்டாவது தடவையும் சொன்னேன்.

பிறகு காப்பி விற்கிற ம்ஸெல்லெம் மெதுவாக என்னை நெருங்கி, காதோரம், "அண்ணே, புளியங்கொட்டைய வறுத்துக் கலக்குறது உண்மைதான். இனிமே செய்யமாட்டேன். பெரிசாக்காதீங்க" என்றான். பள்ளிவாசல் கணக்குப் பார்ப்பவர் என்னைக் கண்டதும் வேறு சந்தில் திரும்பிப் போய்விட்டார். எதுவும் தெரியாது என்று ஒருவன் தெருவில் நின்று கத்துகிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று ஊர் கணக்குப் போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து எனக்குக் கிடைக்கிற மரியாதை, முழு உத்தியோகத்திலும் கிடைத்ததில்லை.

கடைசியில் தாஹிரிடமே போனேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதின கங்கா இருக்கா தம்பி?" என்றேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரியவரே, அப்படி ஒண்ண அச்சடிச்சா யார் வாங்குவா? தெரியாதுன்னு உடுத்திக்கிட்டுப் போற பொம்பளைய நீங்க பாத்திருக்கீங்களா?" மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்றேன். இருந்ததாம். ஆனால் அதை ஆம்பளைங்க கொண்டுபோய்க் கொடுத்தால் வேறொரு பெண்ணோடு தொடர்பு என்று அர்த்தமாம். வெறுங்கையோடு திரும்பினேன்.

திரும்பும் வழியில் துறைமுகத்துப் பக்கம் கால் போயிற்று. வேலை போன பிறகு அங்கே நான் போனதே இல்லை. ஒலிபெருக்கியில் அந்தப் பெண், பெம்பாக் கப்பல் புறப்படத் தயார் என்று குழைந்துகொண்டிருந்தாள். கரையில் கப்பலே இல்லை. சனங்கள் மூட்டையும் கோழியுமாக முண்டியடித்தார்கள். அப்போது ஒருவன் இரும்புக் கேட்டின் மேல் ஏறி நின்று, "இன்னும் வரல! யாரும் ஓடாதீங்க! கோழி வெச்சிருக்கிறவங்க நிழல்ல நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். சுலைம். குரல் கம்மிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

"மாமா, பெட்டிய மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன். உங்களத் தூக்கிடுவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அது கடலப் பாத்துப் பேசாது மாமா. அதனால தினமும் நான்தான் கத்தறேன். இதுக்கு எனக்குச் சம்பளம் கூடக் கிடையாது."

"கத்தற விதம் சரியில்ல" என்றேன். "வயித்துலேருந்து எடுக்கணும். தொண்டையில எடுத்தா ஒரு மாசத்துல போயிடும்." பிறகு நானே கத்திக் காட்டினேன். ஒரு தடவைதான். கடல் ஓரத்தில் நின்றவர்கள் எல்லாரும் நிழலுக்குப் போனார்கள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கண்ணிலும் ஏதோ உப்புக்காற்று. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சல்ஹா விஷயம்..." என்றான். எனக்குச் சம்மதம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது, "பார்க்கலாம்" என்ற சொல். ஒரு தகப்பன் முதல் தடவையிலேயே சரி என்று சொல்லிவிட்டால் பெண்ணுக்கு என்ன மதிப்பு? அந்தப் பையன் வீட்டுக்குப் போய், மாமா மறுத்துவிட்டார் என்று தாயிடம் சொல்லிவிட்டானாம்! சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி கேட்டது. இந்தப் பக்கம் உங்கள் தங்கை சல்ஹாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது: "அழாதடி. உங்கப்பா பார்க்கலாம்னா சரின்னு அர்த்தம். சரின்னா கேக்கவே இல்லைன்னு அர்த்தம். ம்னா தூங்கறார்னு அர்த்தம்." அவளுக்கு இவ்வளவு விளங்கும்போது என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லலாமே, சொல்லவில்லை.

ஆகவே மச்சான், வேறு வழி தெரியாமல் உங்கள் காலைப் பிடிக்கிறேன். எனக்குச் சம்மதம். முழுச் சம்மதம். ஆனால் இதை நான் சொன்னால் இந்தத் தெருவில் ஒருவரும் நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் வந்து, முறைப்படி ரயா வீட்டில் உட்கார்ந்து, ஒரு காப்பி குடித்து, பெரியவர் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு பெண்களையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இப்படியே போனால் நிக்காஹ் அன்று சம்பந்திகள் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், விருந்தாளிகள் சோற்றை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். கப்பல் நேரத்தை ஒலிபெருக்கியை நம்பிக் கணக்குப் போடாமல், கப்பலைக் கண்ணால் பார்த்த பிறகு ஏறவும்.

அல்லாஹ் உங்கள் தோட்டத்துக்கு வெயிலையும், முழங்காலுக்கு வலுவையும், வீட்டாருக்குப் போனை அணைக்கும் பழக்கத்தையும் தருவானாக. பெரியவர்களுக்கு என் ஸலாம், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
ஷாமே கோம்போ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நீங்கள் நிற்கிறீர்கள். இரண்டு ஆடு, ஒரு மூட்டை கிராம்பு, பேரப்பிள்ளைகள் அத்தனை பேர். ரயா உங்கள் பெட்டியை வாங்குகிறாள், ஸுவேனா அவள் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறாள். நிக்காஹ் தேதியை இரண்டு பேரும் பெருநாளுக்கு மறுநாளே உங்களிடம் போனில் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். சண்டை? "ஒரு நாள்தான் நெசமா போட்டோம். அப்புறம் உங்களுக்காகத்தான். நாங்க சமாதானமாயிட்டா நீங்க முறுக்கிக்குவீங்க. சண்ட போட்டா நீங்களே கல்யாணத்த முடிச்சு வைக்க ஓடுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று உங்கள் தங்கை என்னிடம் பேசினாள். பெருநாளிலிருந்து முதல் பேச்சு. மச்சான், நீங்கள் இப்போது முன்கூடத்தில் உட்கார்ந்து அல்வா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே என்ன எழுதுகிறாய் என்று ஒரு குரல் கொடுத்தீர்கள், ஒன்றுமில்லை என்றேன். இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். படித்துவிட்டுத் தயவுசெய்து அங்கிருந்தபடியே பதில் எழுதி இந்தப் பக்கம் தள்ளவும். நேரில் பேசி விளங்கிக்கொள்ளும் தைரியம் எனக்கு இப்போது இல்லை.